சலாகை முதல் லேசர் வரை

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?” என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். காலம் தப்பிச் செய்யும் காரியத்தைக் கண்டிக்க எழுந்த பழமொழி இது. கண்ணைப் பற்றிய பேச்சாகவே இதனை எடுத்துக்கொண்டால், இன்றைய வைத்தியம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றது. கெட்டுப்போன கண்களுள் ஒரு வகை உண்டு. அரை மணி நேரத்துக்குள் முடியும் ஒரு சத்திரசிகிச்சையால் அக்கண் மீண்டும் சூரிய ஒளியைக் காணும். கண்புரை என்றும் வெண்படலம் என்றும் வழங்கும் நோயால் மங்கிய கண்ணே அது.

உலகில் பார்வையிழப்புக்குக் காரணமான நோய்களுள் முதலிடம் பெறுவது கண்புரை. ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இதனாற் பார்வைக் குறைவுற்றுள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. டயகமவிலும் சூழவுள்ள தோட்டங்களிலும், லயத்து வாசற்படியைக் காலால் தடவி இறங்கும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களைக் கேட்டால், “இன்னும் முற்றவில்லை தம்பி, முற்றட்டும், பிறகு பார்ப்போம்” என்பார்கள். இச்சொல் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்ததா? இன்றும் இருக்கின்றதா? இவற்றுக்கு விடை வைத்திய வரலாற்றிலே உள்ளது. அவ்வரலாற்றை இயன்றவரை சுருங்கச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

கண்மணிக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று மெல்லிய பையினுள் அமைந்திருக்கின்றது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து விழித்திரையில் வீழ்த்துவது அதன் தொழில். தெளிந்த முட்டை வெண்கரு சூடுபட்டதும் வெளுத்து இறுகுவதை அடுப்படியிற் காண்கிறோம். அதுபோல, முதுமையில் இவ்வில்லையிலுள்ள புரதம் மெல்ல மெல்ல நிறம் மாறி, ஒளியைத் தடுக்கத் தொடங்குகின்றது. இதுவே கண்புரை.

முதுமை இதன் முதற் காரணம். நீரிழிவு, கண்ணிற்பட்ட காயம், புகைபிடித்தல், சிலவகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல் ஆகியனவும் இதனை விரைவுபடுத்தும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களும் காரணமாகின்றன. உயரம் கூடக்கூட அக்கதிர்களின் வலிமை மிகும் என்பதை மலைநாட்டார் நினைவிற் கொள்ளவேண்டும். விறகடுப்பின் புகையிலே நாள்தோறும் நிற்கும் பெண்களுக்கும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. மலையிலே வெயில், வீட்டிலே புகை என்றிருக்கும் நம் தாய்மார்க்கு இரண்டும் வாய்த்துள்ளன. கண் மங்கினால், கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்தறிய விரலும் தடுமாறும். சரிவிலே கூடையுடன் இறங்கும் காலும் தடுமாறும். ஆகவே, நமக்கு இது சோற்றையும் உயிரையும் தொடும் விடயம்.

சுசுருதர் காட்டிய வழி

கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை எழுதி வைத்த மிகப் பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை தலையாயது. அதன் உத்தரதந்திரம் என்னும் பகுதியில், லிங்கநாசம் என்ற பெயரால் இந்நோய் கூறப்படுகின்றது. அதிக வெப்பமோ குளிரோ இல்லாத காலத்தில், நோயாளியை அமர்த்தி, தன் மூக்கையே நோக்கும்படி சொல்லி, வாற்கோதுமை முனை போன்ற நுனியுடைய சலாகையால் விழியின் வெண்பகுதியிற் குத்தி, ஒளியை மறைப்பதை அகற்றவேண்டும் என்பது அம்முறை. பின்னர் நெய் தோய்த்த பஞ்சினால் கட்டி, நோயாளியை மல்லாந்து கிடத்துவர். தும்மல், இருமல், காறித் துப்புதல் கூடாதென்றும் நூல் விதிக்கின்றது. கண்ணில் அழுத்தம் ஏற்படலாகாது என்ற கருத்தில், இன்றைய வைத்தியரும் ஏறக்குறைய இதனையே சொல்லி அனுப்புகின்றனர்.

இம்முறையில் புரை கண்ணைவிட்டு வெளியே வருவதில்லை. கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளப்படும். வழி திறந்ததும் ஒளி உட்புகும். முற்றாத புரை இளகியிருப்பதால் சலாகைக்கு அகப்படாது சிதறும். சிதறினாற் கண் வீங்கிக் கெடும். ஆகையால், வாக்படர் முதலிய பிற்கால ஆசிரியர்கள், புரை நன்கு உருவாகிப் பார்வை மறைந்த பின்னரே குத்தவேண்டும் என்று வரையறுத்தனர். “முற்றட்டும்” என்ற சொல்லின் வேர் இங்கேதான் உள்ளது. அன்றைய கருவிக்கு அது தக்க அறிவுரையே.

முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் செல்சசு என்பவரும் இத்தகைய முறையை எழுதியுள்ளார். சீனத்துக்கு இக்கலை இந்தியாவிலிருந்து சென்றதெனச் சரித்திர ஆசிரியர் கூறுவர். ஆயினும், நூலறிவுடைய வைத்தியர் கையிலிருந்து ஊரூராய்த் திரிந்தவர் கைக்கு இக்கலை மாறியபோது அதன் பெருமை குன்றிற்று. சுத்தமற்ற ஊசியால் குத்தினார்கள். சில நாள் பார்வை கண்டதும் பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அதன்பின் கண் சீழ்பிடித்து அழிந்தது. சென்னைக் கண் வைத்தியசாலையில் 1904 முதல் 1914 வரை தலைவராயிருந்த ரொபேட் ஹென்றி எலியட் என்பவர், இவ்வாறு கெட்ட கண்களை ஆராய்ந்து, 1917ஆம் ஆண்டில் இலண்டனில் இதுபற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார்.

தஞ்சையும் சென்னையும்

புரையைக் கண்ணுக்குள் தள்ளாமல் வெளியே எடுத்தல் நன்று என்ற எண்ணம் பிரான்சு தேசத்தில் வலுப்பெற்றது. 1747ஆம் ஆண்டில் ஜாக் தவியேல் என்ற வைத்தியர், கருவிழியின் ஓரத்தைக் கீறி, புரையான வில்லையை வெளியே எடுத்தார். இன்றைய முறைகளுக்கெல்லாம் இதுவே தாய்.

இப்புதுக் கலை தமிழ்நாட்டை அடைந்த வரலாறு மகிழ்ச்சி தருவது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், இளமையில் சுவார்ட்ஸ் என்னும் கிறிஸ்தவ போதகரிடம் கல்வி கற்றவர். சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளர்த்த அவரே, தன்வந்திரி மகால் என்ற வைத்திய நிலையத்தையும் போற்றினார். அவர் காலத்துக் கண் நோயாளர் பற்றிய குறிப்புகள், கண்களைத் தீட்டிய வண்ணப் படங்களுடன், இன்றும் தஞ்சையிற் பாதுகாக்கப்படுகின்றன. மேல்நாட்டுச் சத்திரவித்தையையும் நாட்டு வைத்தியத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, நோயாளி நலம் பெற்றாரா என்பதையே உரைகல்லாகக் கொண்ட அம்மன்னர், கட்சிபிரித்துப் பேசும் நமக்கெல்லாம் ஒரு பாடம்.

1819ஆம் ஆண்டிலே சென்னையில் கண் வைத்தியசாலை நிறுவப்பட்டது. இலண்டன் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலைக்கு அடுத்தபடியாக, உலகிலேயே பழமையான கண் வைத்தியசாலை என அது போற்றப்படுகின்றது. இன்றும் எழும்பூரில் அது தொண்டாற்றுகின்றது. ஈழத்திலோ, 1847இல் வந்துசேர்ந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். சத்திரவித்தை நூலையும் தமிழாக்கினார். தாய்மொழியில் விளக்கிச் சொன்னால் நோயாளியின் அச்சம் பாதி குறையும் என்பதற்கு அவர் தொண்டு சான்று.

அக்காலம் வரை நோயாளி விழித்திருக்கக் கண்ணை அறுக்கும் கொடுமை நீங்கவில்லை. 1884ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்பவர், கொக்கெயின் கரைசலின் துளிகள் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்தார். அன்றுமுதல் அவ்வேதனை ஒழிந்தது.

காத்திருப்பின் இரு காரணங்கள்

வில்லையை வெளியே எடுக்கும் முறை வந்த பின்னரும் “முற்றட்டும்” என்ற சொல் மறையவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு இருந்தன.

ஒன்று, இளகிய புரையை முழுவதும் எடுத்தல் கடினம். மிஞ்சிய துணுக்குகள் அழற்சியை உண்டாக்கி மீண்டும் படலமாகும். முற்றி இறுகிய புரையோ கொட்டை கழன்று வருவதுபோல் வரும்.

மற்றொன்று, வில்லை போன கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் வலிமை இல்லை. அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடி அணியவேண்டும். போத்தலின் அடியைப்போலிருந்த அக்கண்ணாடியைப் பெரியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அது பொருள்களைக் கால்வாசிக்கு மேல் பெருக்கிக் காட்டும். பக்கப் பார்வையை மறைக்கும். படி எங்கே, பள்ளம் எங்கே என்று மயங்கச் செய்யும். ஒரு கண் நன்றாயிருந்து மறு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்தால், ஒரே பொருள் சிறிதும் பெரிதுமாக இரண்டாய்த் தோன்றும். ஆகவே, இரு கண்ணும் மங்கட்டும் என்று வைத்தியர் காத்திருக்கச் சொன்னார். சிகிச்சைக்குப் பின்னரும், தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமற் பல நாள் கிடக்கவேண்டியிருந்தது.

இவ்விரு காரணங்களையும் இருவர் அகற்றினர்.

ரிட்லியும் கெல்மனும்

இரண்டாம் உலகப் போரிலே விமானிகள் சிலரின் கண்களில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்திருந்தன. அத்துணுக்குகள் ஆண்டுக்கணக்கிற் கண்ணிலே கிடந்தும் அழற்சி செய்யாதிருந்ததை இலண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். புரைச் சிகிச்சை ஒன்றைப் பார்த்து நின்ற மாணவர் ஒருவர், “எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதில்லையா?” என்ற கருத்துப்படக் கேட்டாராம். அக்கேள்வி ரிட்லியின் உள்ளத்தைத் தூண்டியது. 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில், அந்தப் பிளாஸ்டிக் இனத்தாலேயே செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் அவர் பொருத்தினார். மூத்த வைத்தியர் பலர் இதனை வன்மையாக எதிர்த்தனர். எதிர்ப்பு அடங்கப் பல ஆண்டுகள் சென்றன. ரிட்லி முதுமையடைந்து தமக்கே புரை வந்தபோது, தாம் கண்ட வழியிலேயே வில்லை பெற்றுப் பார்வை அடைந்தார். தடித்த கண்ணாடியின் காலம் அத்தோடு முடிந்தது. காத்திருப்பதற்கான ஒரு காரணம் வீழ்ந்தது.

அடுத்தவர் நியூயோர்க் வைத்தியர் சார்ல்ஸ் கெல்மன். பல் வைத்தியரிடம் சென்றிருந்தபோது, காதுக்குக் கேளாத ஒலியதிர்வால் பல்லைத் துப்புரவாக்கும் கருவியை அவர் கண்டார். கண்ணைச் சிதைக்காமற் புரையை மட்டும் இவ்வாறு உடைத்து உறிஞ்சலாமே என்று எண்ணினார். 1967ஆம் ஆண்டில் அம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். முன்பு 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை கீறவேண்டியிருந்த இடத்தில், இன்று 2 அல்லது 3 மில்லிமீற்றர் போதும். அச்சிறு துளை வழியாகவே, மடித்த வில்லையை உட்செலுத்தி விரியச் செய்கின்றனர். தையல் பெரும்பாலும் வேண்டுவதில்லை. நோயாளி அன்றே வீடு திரும்பலாம்.

இங்கேதான் வரலாறு தலைகீழாயிற்று. இம்முறைக்கு இளம்புரையே எளிது. முற்றி இறுகிய புரையை உடைக்க மிகுந்த அதிர்வு வேண்டும். அது கருவிழியை வருத்தும். சலாகைக்கு எது வசதியாயிருந்ததோ, அதுவே இன்றைய கருவிக்கு இடையூறு.

லேசர் தந்த நன்மை

லேசர் என்னும் கதிரொளியை 1960ஆம் ஆண்டில் மைமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதன்முதல் உண்டாக்கினார். கண் வைத்தியம் அதனை விரைந்து ஏற்றுக்கொண்டது. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு, புது வில்லையைத் தாங்கும் பையின் பின்புறம் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கும். புரை மீண்டும் வளர்ந்துவிட்டதென அவர்கள் கலங்குவர். 1980ஆம் ஆண்டளவில் வந்த ஒருவகை லேசர், கத்தியின்றி நோவின்றிச் சில நிமிடத்தில் அம்மங்கலைத் திறந்து பார்வையை மீட்கின்றது. லேசரால் மிகுதியானோர் பெற்ற நன்மை இதுவேயாம்.

புரையையே லேசரால் அகற்ற, பற்றீசியா பாத் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண் வைத்தியர் கருவியொன்றைப் படைத்து 1988ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 2008ஆம் ஆண்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் சொல்ற்றான் நாகி என்பவர், பெம்ற்றோ விநாடி லேசரைக் கண்புரைக்கு முதன்முதற் பயன்படுத்தினார். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே பெம்ற்றோ விநாடி. அத்தகைய சில நூறு பங்குகளே நீடிக்கும் ஒளித்துடிப்புகள், அக்கம்பக்கம் சுடாமல், கணினி காட்டிய கோட்டின்மீது கருவிழியைக் கீறும். வில்லைப் பையில் பிசகாத வட்டம் வெட்டும். புரையை முன்கூட்டியே துண்டாக்கும். அதனால் ஒலியதிர்வின் தேவை குறைகின்றது. கருவிழி நலிந்தவர்க்கும் புரை இறுகியவர்க்கும் இது சிறப்பாகப் பயன்படலாம்.

ஆயினும், உண்மையை மறைத்தல் கூடாது. துண்டாக்கிய புரையை வெளியே எடுப்பது இன்றும் கெல்மன் வழியே. ‘லேசர் ஒபரேஷன்’ என்று ஊரிற் பேசப்படுவதிற் பெரும்பகுதி ஒலியதிர்வு முறைதான். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் நடந்து 2020ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வுகள் இரு முறைகளையும் ஒப்பிட்டன; பார்வைப் பயனில் லேசர் முறை மேம்பட்டதென்று அவை காட்டவில்லை. எனவே, லேசர் கிடைக்கவில்லையே என்று ஏழை ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மதுரை காட்டும் பாடம்

இதற்குச் சான்று மதுரையில் உள்ளது. மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிப்போன கோ. வெங்கடசாமி என்ற கண் வைத்தியர், அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்தவர். அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976ஆம் ஆண்டில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் செலுத்துவதைக் கொண்டு இல்லாதவர்க்கு இலவசமாகச் செய்தார். இறக்குமதியான வில்லை நூறு டொலரளவில் விற்ற காலத்தில், அவர்களது ஒரோலாப் நிறுவனம் 1992 முதல் அதனை மதுரையிலேயே செய்து, பத்து டொலருக்கும் குறைவாக்கியது. விலை மிகுந்த கருவி வேண்டாத, தையலற்ற சிறுகீறல் முறையும் அங்கே செழித்தது.

அவர்கள் கண்டறிந்த மற்றொன்று நமக்கு மிக வேண்டுவது. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்து ஏழைகள் பலர் வரவில்லை. பஸ் செலவு, இழக்கும் நாட்கூலி, துணைக்கு ஆளில்லாமை, அச்சம் ஆகிய நான்கும் அவர்களைத் தடுத்தன. வைத்தியசாலையார் கிராமத்துக்கே போய்ச் சோதித்து, பஸ்ஸில் அழைத்துவந்து, உணவளித்துத் திருப்பி அனுப்பினர். அதன்பின்னரே ஏழைகளின் கண் திறந்தது.

நம் மலைகளில்

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டுமென விதித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. கண்ணுக்குக் கத்தி வைக்க நகரத்துக்கே போகவேண்டியிருந்தது. இன்று நுவரெலியாவிலும் கண்டியிலும் அரசாங்க வைத்தியசாலைகளிலே கண் சிகிச்சை நடைபெறுகின்றது. ஆனால் மதுரையார் கண்ட நான்கு தடைகளும் நம்மிடம் அப்படியே உள்ளன. நுவரெலியா கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் ஒரு நாட் பேர் போகும். துணைக்குப் போகும் மகளுக்கும் பேர் போகும்.

அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சிகிச்சை பெற்றோர் சிலர் பார்வை இழந்தனர். சிகிச்சைக்குப் பின் இட்ட, வெளிநாட்டிலிருந்து தருவித்த சொட்டு மருந்தே அதற்குக் காரணமெனக் கண்டு, அம்மருந்தைப் பாவனையிலிருந்து நீக்கினர். அக்குடும்பங்களின் துயரம் பெரிது. அதனைச் சிறிதாக்கிப் பேச நமக்கு உரிமையில்லை. அச்செய்தியைக் கேட்டு அஞ்சும் பாட்டியை ஏளனம் செய்தலும் தகாது. அவரிடம் சொல்லவேண்டியது இதுதான்: கெடுதி மருந்திலே வந்தது, புரையை எடுக்கும் முறையிலே வரவில்லை. சிகிச்சைக்குப் பின் கண் நொந்தாலும், சிவந்தாலும், பார்வை குறைந்தாலும், அன்றே திரும்பிப் போகவேண்டும்.

அச்சத்தினாற் காத்திருப்பவர்க்கு வேறு ஆபத்துகள் உண்டு. அளவுக்கு மிஞ்சி முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தை உயர்த்தும். கடும் நோவுடன் பார்வை நரம்பையே அழித்துவிடும். மங்கலெல்லாம் புரையும் அன்று. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயும், நீரிழிவால் வரும் விழித்திரை நோயும் மங்கலையே தரும். அவற்றால் போன பார்வை பெரும்பாலும் மீளாது. புரைதானே, முற்றட்டும் என்றிருந்தவர் பின்னர் வைத்தியரிடம் போய், காலம் கடந்தது என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவர். சொட்டு மருந்தால் புரை கரையும் என்று விற்பவரையும் நம்பலாகாது. அவ்வாறு கரைக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

சங்கத்து இளைஞர்களே, நாம் வைத்தியர் அல்லர். ஆயினும் மதுரையார் நீக்கிய தடைகளை நாமும் நீக்கலாம். ஒவ்வொரு லயத்திலும் பார்வை மங்கிய பெரியோரின் பெயர்களை எழுதுவோம். கிளினிக் நாளை அறிந்து, பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வேன் பிடிப்போம். பிள்ளைகள் தூரத்தில் வேலைக்குப் போன வீட்டுக்கு நாமே துணையாகச் செல்வோம். வைத்தியர் சொன்னதைத் தமிழில் விளக்கி, சொட்டு மருந்தை வேளை தவறாமல் இட உதவுவோம். நாற்பது வயது கடந்தவரும் நீரிழிவுள்ளவரும் கண்ணைச் சோதித்துக்கொள்ளத் தூண்டுவோம்.

பெரியோர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம். புரை முற்றவேண்டும் என்பது சலாகையின் காலத்து நீதி. கருவி மாறியது, நீதியும் மாறிவிட்டது. பார்வை மங்கி அன்றாட வேலைக்கு இடையூறாகும் நாளே இன்று வைத்தியரைக் காணும் நாள். சூரிய நமஸ்காரத்துக்கு அந்த நாள் போதும். கண் கெடும்வரை காத்திருக்க வேண்டாம்.